பனிவிரலின் பேச்சு

மரக்காணம் பக்கத்து உப்பளத்து ஊர்களில் வளர்ந்த என் வயதுக்காரர்களே, நீங்கள் எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். ஏழாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி, ஊர்க்காரர்கள் சர்க்காருக்குப் போட்ட மனுவைத் திருட்டுத்தனமாகத் திருத்திக்கொண்டிருந்த மெட்ராஸ்காரன் ஒருவனை, இங்கிலீஷ் காகிதத்தைப் படித்துப் பார்த்தே பிடித்துக் கொடுத்தாள் என்ற கதை. கல்லூரி விடுதியில் கிளியனூர்க்காரி ஒருத்தி அதை எனக்கே சொன்னாள். அவள் சொன்னதில் அந்தச் சிறுமிக்கு இரட்டைப் பின்னல், மெட்ராஸ்காரன் கையில் கத்தி.

எனக்கு அப்போது ஒற்றைப் பின்னல். அவர் கையில் இருந்தது பாதி பிளேடு. மற்றதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை. விடியற்காலையில் பாத்தியில் இறங்கினால் வெயில் தலைக்கு ஏறும்வரை பலகையால் உப்பு வாருவார்கள். மத்தியானம் பனையோலைக் கொட்டகையில் கஞ்சி. அந்த நேரத்தில் நான் கையில் இருக்கும் எதையாவது படித்துக் காட்டுவேன். பொட்டலம் கட்டி வந்த பேப்பர், பஞ்சாங்கத்து அட்டை, எதுவானாலும் சரி. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வெள்ளை உப்பையே பார்த்துப் பார்த்து அவர் கண் எப்போதும் சிவந்துதான் இருக்கும். ஆனாலும் நான் படிக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பார்.

அந்த வருடம் படக்கதைப் புத்தகங்கள் வந்தன. எங்கள் வகுப்பில் ரைஸ்மில்காரர் மகள் ஒருத்தி இருந்தாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பா அவளுக்கு மாதம் ஒன்று வாங்கிக் கொடுப்பார். நான் அவளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தால் அவள் எனக்குப் புத்தகம் தருவாள். உள்ளங்கை அகலம், அட்டை மட்டும் கலர், உள்ளே கறுப்பு வெள்ளை. மட்டமான காகிதம், வேர்வைக் கை பட்டால் மை ஒட்டிக்கொள்ளும்.

கதாநாயகன் பெயர் செம்பருந்து. பகலில் ஏதோ ஒரு பெரிய பட்டணத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்பவன். இருட்டியதும் முகமூடி போட்டு, முதுகில் துணிச் சிறகு கட்டி, மாடி விட்டு மாடி பறப்பான். அவனுக்கு எதிரிகள் நிறைய. கண்ணாடித் தலையன் என்று ஒருவன், நிழலைத் திருடும் இரட்டையர்கள், எல்லோருக்கும் மேலே பனிவிரல். அவன் விரல் பட்டால் எதுவும் உறைந்துவிடும்.

கொட்டகையில் இதைப் படித்தபோது முதல் சந்தேகம் என் அம்மாவுக்குத்தான் வந்தது.

"நல்லவன் எதுக்குடி மூஞ்சிய மூடிக்கிறான்?"

"நீ கூடத்தாம்மா துணி சுத்திக்கிறே."

"நான் வெயிலுக்குச் சுத்திக்கிறேன். இவன் இருட்டுல இல்ல சுத்திக்கிறான்? எதையோ மறைக்கிறான் இவன்."

பெண்கள் எல்லோரும் அம்மா பக்கம். பனிவிரல் ஒரு தெருவையே உறைய வைத்த படத்தைக் காட்டினேன். வெள்ளை வெள்ளையாகக் குவியல். "அட, நம்ம உப்பு அம்பாரம்தானே இது?" என்றாள் ஒரு அத்தை. பனி என்றால் என்ன என்று விளக்கினேன். நானும் குச்சி ஐஸ் தவிர வேறு பார்த்ததில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. அந்தக் கொட்டகையில் நான் சொன்னதைச் சரிபார்க்க ஒரு ஆள் கிடையாது. அதன் ருசி எப்படிப்பட்டது என்பது, வீட்டில் முதலாவதாகப் படித்த உங்களுக்குத் தெரியும்.

அந்த மாசியில்தான் மனு எழுதினோம். உப்பளக் குத்தகையை முதலாளிகளுக்கே கொடுக்காமல், வேலை செய்கிறவர்கள் சங்கம் வைத்தால் அதற்கும் ஒரு பங்கு நிலம் கொடுக்க வேண்டும் என்று மனு. அப்பா வேலை செய்த கூட்டத்துக்குத் தலைவர் ஒரு மேஸ்திரி. அவர்தான் ஆட்களைக் கூட்டினார். எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். ஒவ்வொரு கைநாட்டுக்கும் பக்கத்தில் அவரவர் பெயரை எழுதியவள் நான். அப்பா தன் பெயருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "இதுதானா நானு?" என்று கேட்டார்.

மனு தபாலில் போனது. பதில் வரவில்லை. தினமும் தபால்காரர் வீட்டுக்குப் போய் விசாரித்து வரும் வேலை எனக்கு.

தபால்காரர் வீட்டு முன்னறையில் அவர் மைத்துனர் வந்து தங்கியிருந்தார். மெட்ராஸிலிருந்து பொங்கலுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. ஊரில் எல்லோரும் மெட்ராஸ்காரன் என்றே சொன்னார்கள். தடித்த கண்ணாடி, கிழிந்த பனியன், லுங்கி, விரல் நுனியெல்லாம் கறுப்பு மை. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து நாள் முழுவதும் எதையோ எழுதுவார். அந்த அறையில் பசையும் மையும் கலந்து ஒரு வாடை அடிக்கும். வாரம் ஒரு தடித்த கவர் அவருக்கு வரும், ஒன்று போகும். எதற்கு இங்கே வந்தீர்கள் என்று மேஸ்திரி கேட்டதற்கு, காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்னாராம்.

"உப்புக் காத்து நல்லாருக்குதுன்னு எவனாவது வருவானா?" என்றாள் அம்மா. "பொய் சொல்றதுக்கும் ஒரு பொருத்தம் வேணாமா?"

ஒரு நாள் நான் அங்கே நின்றபோது அவர் திரும்பாமலே கேட்டார், "மடியில என்ன புக்கு? பனிவிரல் வர்றதா?"

எனக்குத் திக்கென்றது. புத்தகம் என் பாவாடை மடிப்பில் அட்டை உள்பக்கமாக இருந்தது. தினமும் நான் அதோடு வருவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார் என்று அப்போது தோன்றவில்லை.

"முதல்ல எதைப் படிச்சே?"

"மூணாவது புக்கு. அவங்க வீட்ல அதான் இருந்துது."

"தப்பு. முதல் புக்குல ஆரம்பிச்சாலும் தப்புதான். அதுல அவன் எப்படிப் பருந்தானான்னு அழுதுகிட்டே இருப்பான். ரெண்டாவதுல ஆரம்பி. பனிவிரல் அதுலதான் வர்றான். கெட்டவன் சரியா அமைஞ்சாத்தான் நல்லவனுக்கு வேலை. அதுக்கப்புறம் போய் முதல் புக்கைப் படி. அப்போ அவன் அழறது உனக்குப் புடிக்கும்."

"யாரு எழுதினதுங்க இதெல்லாம்? அட்டையில பேரே இல்லியே?"

"படம் போட்டவன் சீமையில எங்கியோ இருக்கான். தமிழ்ல வர்றதே அவனுக்குத் தெரியாது. கதை எழுதினவன் வேற ஒருத்தன். தமிழ்ல பேச வைக்கிறவன் மூணாவது ஆளு. யார் பேரையும் போட மாட்டாங்க."

"அந்த மூணாவது ஆளு நீங்களா?"

அவர் சிரித்தார். "பனிவிரலுக்குப் பேசறது நான்னு வெச்சுக்கோ. உன் செம்பருந்துக்குப் பேச்சே வராது. ஓடாதே, நில். அவ்ளோதான் அவன்."

நான் நம்பவில்லை. அச்சில் வருவதை எழுதுகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குப் பாடப் புத்தகத்துப் படங்களிலிருந்து தெரியும். கோட்டு போட்டிருப்பார்கள், அல்லது தலைப்பாகை. கிழிந்த பனியனோடு தபால்காரர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதோடு, செம்பருந்தைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

கிளம்பும்போது, "அடுத்த புக்குல பனிவிரலுக்கு ஒரு கை போயிடும், பாரு" என்றார்.

அடுத்த மாதப் புத்தகத்தில் பனிவிரலுக்கு ஒரு கை போனது.

ரைஸ்மில்காரர் மகள் கண்ணை உருட்டினாள். "கடைக்கு வராத புக்குல என்ன இருக்குதுன்னு அந்த ஆளுக்கு எப்படிடி தெரியும்? கவரைப் பிரிச்சுப் பார்க்கிறான். அடுத்தவங்க தபால் எல்லாத்தையும் பிரிக்கிறான்."

அதை விடப் பெரிய சந்தேகம் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. கை போன கோபத்தில் பனிவிரல் கத்துகிறான்: "உன் ரத்தத்தை உறைய வைத்து, பாத்தி கட்டி, பலகை போட்டு வாருவேனடா!"

கொட்டகையில் இதைப் படித்ததும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"சீமைக்காரன் எங்கேடி பாத்தி கட்டிப் பார்த்தான்?" என்றாள் அந்த அத்தை. "நம்ம வேலையை எவனோ பார்த்துட்டுப் போய்ச் சொல்றான்."

நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கமும் எனக்கு இல்லை. மெட்ராஸ்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து பிளேடால் காகிதத்திலிருந்து எழுத்தைச் சுரண்டி எடுப்பதைப் பார்த்தேன் என்று சொன்னேன். சுரண்டிய இடத்தில் வேறு எழுத்து எழுதுகிறார் என்றும் சொன்னேன். நான் பார்த்தது நிஜம்தான்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கைநாட்டு வைத்தவர்களுக்கெல்லாம் ஒரே பயம்தான்: தங்கள் விரலுக்கு மேலே இருக்கும் எழுத்தை யாராவது மாற்றிவிட்டால் தங்களுக்குத் தெரியவே தெரியாது. முதலாளிகளிடம் அப்படி நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் ஊரில் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பேச்சு மேஸ்திரி காதுக்குப் போனது. மனுவுக்கு ஏன் பதில் வரவில்லை என்பதற்கு ஊருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் மூடியது. சார்கள் எல்லாம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். நான் அம்மாவோடு பாத்திக்குப் போனேன். ஒரு நாள் காலை, தபால்காரர் பையை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போயிருந்த நேரம், மேஸ்திரியும் நான்கைந்து பேரும் மெட்ராஸ்காரரை அளத்துக்கே கூட்டிவந்தார்கள். மேஸ்திரி கையில் டைப் அடித்த காகிதங்கள். ஒருவர் மைப்புட்டிகளைத் துண்டில் கட்டி எடுத்துவந்திருந்தார்.

"படம் எங்கேய்யா? கதை புக்குக்கு எழுதறேங்கறியே, அதுல படம் இருக்கணுமே?" என்றார் மேஸ்திரி.

"படமெல்லாம் அச்சாபீஸ்லயே இருக்குதுங்க. எனக்கு எழுத்து மட்டுந்தான் அனுப்புவாங்க. நான் தமிழ்ல எழுதிக் குடுத்தா அங்கே வெட்டி ஒட்டிக்குவாங்க."

"சீமைக்காரன் பேச்சை நீ எழுதறே. அதுவும் எங்க ஊர்ல வந்து. ஏம்பா, எங்களப் பார்த்தா எப்படி இருக்குது உனக்கு?"

"வேணும்னா அந்தப் பாப்பாவையே படிக்கச் சொல்லுங்க" என்றார் அவர். அவர்தான் சொன்னார். "அது படிக்கிற பொண்ணு. அது சொல்லட்டும்."

பாத்தியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். காலில் வெடிப்புகளுக்குள் உப்புத் தண்ணீர் எரிந்தது. மேஸ்திரி காகிதத்தை என் கையில் கொடுத்தார். அப்பா பலகையைக் கீழே வைத்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இங்கிலீஷ். எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ், பாடப் புத்தகத்தில் பூனையும் பந்தும் உள்ள பக்கங்கள். இது நெருக்கமாக, சின்னச் சின்ன எழுத்தாக ஓடியது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால், இடது பக்கத்தில், பெரிய எழுத்தில் ஒரு சொல். அதற்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி. மேலேயிருந்து முக்கால் பக்கம் வரை வரிகள் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. கடைசி சில வரிகள் மட்டும் அடிபடாமல் இருந்தன.

"என்ன போட்டிருக்குது?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"பேருங்க" என்றேன். அவை பெயர்கள் மாதிரிதான் தெரிந்தன.

"யார் பேரு?"

தெரியவில்லை என்று சொல்லலாம். ஒரே ஒரு சொல். அதைச் சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தேன் என்றுதான் இன்றுவரை என்னிடமே சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குள் அப்பா, "என் பேரு இருக்குதா பாரும்மா" என்றார்.

கீழே, அடிபடாத வரிகளில் ஒன்று, அப்பாவின் பெயர் இங்கிலீஷில் எந்த எழுத்தில் தொடங்குமோ அதே எழுத்தில் தொடங்கியது. அதன்மேல் விரலை வைத்தேன்.

"இதோ இருக்குதுப்பா. இது இன்னும் அடிக்கல."

அப்பா குனிந்து பார்த்தார். அவர் மூச்சு என் கையில் பட்டது.

"அப்போ மேல இருக்கறதெல்லாம் அடிச்சிட்டானா?" என்றார் மேஸ்திரி மெதுவாக.

மெட்ராஸ்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "பாப்பா, நல்லாப் பார்த்துச் சொல்லு. அது யார் யார் பேசறாங்கன்னு போட்டிருக்குது. தமிழ்ல எழுதி முடிச்ச வரியத்தான் அடிச்சிருக்கேன். பாரு."

எனக்குப் புரியவில்லை. அவருக்கு அது தெரிந்துவிட்டது. கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். அந்த வெயிலில், என் அப்பா நின்ற நிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். இரக்கமா, வெறுப்பா, சொன்னாலும் இவர்கள் நம்பப் போவதில்லை என்ற கணக்கா? எட்டு வருடமாக யோசிக்கிறேன்.

அவரை யாரும் அடிக்கவில்லை. அடித்தார்கள் என்று மட்டும் கதையில் சேர்க்காதீர்கள். காகிதங்களைக் கிழித்து வாய்க்காலில் போட்டார்கள். மைப்புட்டிகளை யாரோ பாத்தியிலேயே கவிழ்த்தார். வெள்ளை உப்பின்மேல் மை நரம்பு நரம்பாக ஓடியது. முற்றின உப்பைக் கெடுத்துவிட்டானே என்று கவிழ்த்தவனை மேஸ்திரி திட்டினார். மெட்ராஸ்காரர் குனிந்து ஈரக் காகிதத்தில் இரண்டு துண்டை எடுத்துப் பார்த்தார். பிறகு அவற்றையும் போட்டுவிட்டார். மத்தியான பஸ்ஸில் போய்விட்டார்.

தபால்காரர் திரும்பி வந்து கேள்விப்பட்டதும் யாரிடமும் சண்டை போடவில்லை. மறுநாள் நான் பதில் வந்ததா என்று கேட்கப் போனபோது, "எதுவும் வந்தா நானே கொண்டாந்து குடுக்கறேன். நீ வராதே" என்றார்.

அடுத்த புத்தகம் வர இரண்டு மாதம் ஆயிற்று. பனிவிரல் அதில் செம்பருந்தை ஒரு கிடங்கில் அடைத்து வைத்து மிரட்டுகிறான்: "நான் உன்னை உறைய வைத்து அழித்துவிடுவேன்." அவ்வளவுதான். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பனிவிரல் பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிக்கிற மாதிரி பேசினான். முகம் அதே முகம், படம் அதே படம். பேச்சு செத்துப் போயிருந்தது.

கொட்டகைப் பின்னால் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பனிவிரலுக்குப் பேசினவரைத்தான் பஸ் ஏற்றி அனுப்பியிருந்தோம். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன்.

அன்றைக்குத்தான் தபால்காரர் சர்க்கார் கவரைக் கொண்டுவந்து மேஸ்திரி கையில் கொடுத்தார். சங்கம் வைத்தால் ஒரு பங்கு நிலம் தரலாம் என்று பதில். தமிழில் இருந்ததால் நானே படித்தேன். மேஸ்திரி என் தலையில் கை வைத்தார்.

"சரியான சமயத்துல புடிச்சோம்டா அவனை. இல்லன்னா இது வந்திருக்குமா?" அப்பாவிடம் திரும்பினார். "டேய், இவளை எட்டாவதோட நிறுத்தறேன்னு சொன்னியே. நிறுத்தாதே. எவ்ளோ தூரம் போவுதோ போவட்டும். சங்கம் பார்த்துக்கும்."

நான் எதையும் சொல்லவில்லை. எவ்வளவு தூரம் போனேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் பி.ஏ. முடித்தேன், இங்கிலீஷ் இலக்கியம். ஒவ்வொரு வருடமும் சங்கத்தார் பணம் கட்டினார்கள். யாராவது என்னைப் புகழ்ந்தால், இவர் எதைப் புகழ்கிறார் என்று முதலில் சந்தேகப்படுவேன்.

கல்லூரியில் முதல் வருடம் ஒரு நாடகம் பாடம். புத்தகத்தைத் திறந்ததும் இடது பக்கத்தில் பெரிய எழுத்தில் பெயர், இரண்டு புள்ளி, பிறகு பேச்சு. வகுப்பில் வேர்த்துவிட்டது எனக்கு. யார் யார் பேசுகிறார்கள் என்று போட்டிருக்கிறது, பாரு.

போன மாதம் ஊருக்குப் போனேன். அப்பாவிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"அப்போ என் பேரு அதுல இல்லியா?"

"இல்லப்பா."

"ஊரெல்லாம் சொல்லியிருக்கேனே. இங்கிலீஷ்ல என் பேரை டைப் அடிச்சு, எவனாலயும் கோடு போட்டு அழிக்க முடியலன்னு."

மறுநாள் நான் மேஸ்திரியிடமும் சொல்லப் போகிறேன் என்றதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

மேஸ்திரி இப்போது சங்கத்துக்குத் தலைவர். அம்பாரத்துக்குப் பக்கத்தில் நான்கு பேரோடு நின்றுகொண்டிருந்தார். அங்கேயே சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"அன்னிக்கு எனக்கு அவ்ளோ இங்கிலீஷ் தெரியாதுங்க" என்றேன். "அந்தப் பேப்பர்ல இருந்தது படக்கதைதான். அந்த ஆளு சொன்னது அத்தனையும் நெசம்."

"தெரியாமத்தான் உங்கப்பன் பேருல வெரலை வெச்சியா?"

"அது அப்பா பேரு இல்லீங்க."

மேஸ்திரியின் சிரிப்பு நின்றது. மற்ற நால்வரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் கட்டியிருந்த புடவையை, கைக்கடிகாரத்தை, காலிலிருந்த செருப்பை.

"யாரும்மா உன்னை இப்படிப் பேசச் சொன்னது?" என்றார் மேஸ்திரி. மரியாதையாகத்தான் கேட்டார். "அந்த ஆளை மெட்ராஸ்ல எங்கனா பார்த்தியா? எதுனா குடுத்தானா?"

"நான் யாரையும் பார்க்கலீங்க. இப்போ எனக்குப் படிக்கத் தெரியுது. அதனால சொல்றேன்."

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னே."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்குத்தான் எல்லாம் தெரியும். முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். சிவந்த கண்களைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"அது என் பேருதான் மேஸ்திரி" என்றார் அப்பா. "நான் பார்த்தேன்."